பூட்டிய அலமாரிக்குள் ஒரு நோட்டீஸ்



இந்த மாதம் இருமல், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். தோட்டத்து ஆபீசுக்குள் நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? வாசலில் நின்று கிராணியைக் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. உள்ளே போய், சுவரைப் பார்த்து, அங்கே மாட்டியிருப்பதைப் படித்தது எப்போது?

பலருக்கு இதற்குப் பதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு லோரி ஏறுகிறோம். வேலை முடிந்து திரும்பும்போது உடம்பில் அலுப்பு, வீட்டில் அடுப்பு. ஆபீசுக்கு நமக்கு என்ன வேலை? சம்பளத்தில் குறை வந்தால் போவோம், பெர்மிட்டோ கடிதமோ வேண்டுமென்றால் போவோம். அப்போதும் கண் கிராணியின் முகத்தில்தான் இருக்கும். சுவரை யார் பார்க்கிறார்கள்?

"டிரசருக்கும் ஆபீஸ் சுவருக்கும் என்னய்யா சம்பந்தம், மாத்திரையைக் கொடுக்கிற வேலையைப் பாருமேன்" என்று யாராவது கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு தம்பியின் கண்.

2018-ம் ஆண்டு. முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். காலை ஒன்பது மணி சுமாருக்கு மருந்தடிக்கும் கும்பலிலிருந்து ஒரு பையனை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பம்பில் ஊற்றும்போது மருந்து தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. கலக்காத மருந்து, தண்ணீர் சேராதது. அவனைப் படுக்க வைத்து, இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவ ஆரம்பித்தேன். கழுவிக்கொண்டே கேட்டேன்: "என்ன மருந்துடா தம்பி?"

"பச்சை மருந்து சார்."

கூட வந்தவனைக் கேட்டேன். அவனும் பச்சை மருந்து என்றான். மண்டோருக்குப் போன் போட்டேன். "அதான் சார், புல்லுக்கு அடிக்கிற பச்சை மருந்து" என்றார். போத்தலைக் கொண்டுவரச் சொன்னால், வந்தது ஒரு சமையல் எண்ணெய்ப் போத்தல். பெரிய டின்னிலிருந்து அதில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேலே ஒரு எழுத்து கிடையாது.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். புல்லுக்கு அடிக்கும் மருந்தெல்லாம் ஒன்றல்ல. சிலது கண்ணில் பட்டால் எரிச்சலோடு போகும். பாராகுவாட் அப்படியில்லை. பட்ட அன்றைக்குப் பெரிய சேதம் இல்லாதது போலத் தெரியும், மறுநாள்தான் கண்ணின் மேல் தோல் கழன்று புண்ணாகும். வாய்வழி உள்ளே போய்விட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அந்த வருடம் பாராகுவாட் இன்னும் புழக்கத்தில் இருந்தது. 2002-ல் தடை என்றார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், கடைசியாக 2020 ஜனவரி 1-ம் தேதிதான் முழுத் தடை வந்தது. ஆகவே மருந்தின் பெயர் எனக்கு அந்த நிமிடமே வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான்.

அந்தப் பெயர், என்ன விஷம், கண்ணில் பட்டால் என்ன செய்வது, வயிற்றில் போனால் என்ன செய்யக் கூடாது, எல்லாவற்றையும் சொல்லும் பாதுகாப்புத் தாள் ஒன்று ஒவ்வொரு மருந்துக்கும் உண்டு. மருந்து விற்கிறவன் அதைக் கொடுத்தாக வேண்டும். தோட்டம் அதை, மருந்தைப் பயன்படுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், தொழிலாளியின் கண்ணில் படும்படி, கைக்கு எட்டும்படி வைத்திருக்க வேண்டும். 2000-ம் ஆண்டு இரசாயனப் பாதுகாப்பு விதிகள் இதைச் சொல்கின்றன. எங்கள் தோட்டத்தில் அது எங்கே இருந்தது தெரியுமா? ஆபீஸ் அலமாரியில், அழகான நீல பைலில், வரிசையாக அடுக்கி, பூட்டி. சாவி ஸ்டோர் கிராணியிடம். கிராணி பாங்குக்கு டவுனுக்குப் போயிருந்தார். ஆடிட் வரும்போது காட்டுவதற்காக வைத்த பைல் அது.

நாற்பது நிமிடம் கழித்துச் சாவி வந்தது. அதற்குள் பையனை நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன், தாளைப் பின்னாலேயே போனில் படம் பிடித்து அனுப்பினேன். பார்வை போகவில்லை. இன்றைக்கும் வெயிலில் அந்தக் கண் கலங்கும் என்கிறான். அதற்கு முன் வாரந்தோறும் அந்த ஆபீசுக்குப் போய்வந்தவன்தான் நானும். அந்தப் பைல் ஸ்டோரில் இருக்க வேண்டியது என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பையனின் கண்ணுக்கு நானும் கொஞ்சம் பொறுப்பு.

(இடையில் ஒரு வார்த்தை. கண்ணில் மருந்து பட்டால் என்னிடம் ஓடிவர வேண்டாம். முதலில் அங்கேயே, பம்புக்குப் பக்கத்திலேயே, நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். பிறகு வாருங்கள், வரும்போது மருந்து டின்னின் லேபலையும் கொண்டுவாருங்கள். மருந்தடிக்கும் கும்பலோடு குடிதண்ணீர் தவிரக் கழுவுவதற்கும் தனித் தண்ணீர் போகிறதா என்று நாளைக்கே பாருங்கள்.)

நான் சொல்லவந்தது இதுதான். சட்டம் ஒரு நோட்டீசை மாட்டு, ஒரு தாளை வை என்று முதலாளியிடம் சொன்னால், அது சுவரை அலங்கரிக்க அல்ல. அது ஒரு முதலுதவிப் பொருள், என் பெட்டியில் இருக்கும் பஞ்சும் மருந்தும் போல. முதலுதவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை டவுனுக்கு அனுப்புவோமா? படிக்க முடியாத இடத்தில், படிக்க முடியாத மொழியில் மாட்டிய நோட்டீசும் பூட்டிய பெட்டியும் ஒன்றுதான். ஆனால் நிர்வாகம் "மாட்டியாச்சு" என்று புத்தகத்தில் ஒரு டிக் அடித்துக்கொள்கிறது. இந்த டிக்கைத்தான் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறேன்.

1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, அதைத் தொழிலாளர் எல்லாருடைய கவனத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கவனத்துக்குக் கொண்டுவருவது என்றால் என்ன? பிரேம் போட்டு துரையின் நாற்காலிக்குப் பின்னால் மாட்டுவதா? துரையின் கவனத்துக்கு வேண்டுமானால் அது வரும். அவரும் அதற்கு முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருக்கிறார்.

மொழிக்கு வருவோம். மருந்தின் பாதுகாப்புத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டு விதி. நாட்டு மொழியில் இருப்பது சரிதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மருந்தடிக்கும் கும்பலில் ஐம்பது வயதைத் தாண்டிய நம் அக்காமார்கள் பலர் தமிழ்ப் பள்ளியோடு நின்றவர்கள். பேச்சு மலாய் பாசாரில் வாங்க விற்கப் போதும். 'கண்ணில் நிலையான சேதம் ஏற்படலாம்' என்பதை லேபலில் எழுதியிருக்கிற மலாயில் அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? பக்கத்து நிரையில் நிற்கும் வங்காளதேசத் தம்பிக்கும் நேபாளத் தம்பிக்கும் இதே கதைதான், அவர்களுக்கு இன்னும் மோசம்.

படம் படிக்கத் தெரிந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். டின்னில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் படம் இருக்கும். மண்டை ஓடு இருந்தால் கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. கையின் மேல் சொட்டுச் சொட்டாக விழுவது போல் இருந்தால் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல் இருக்கிறதே, அதைத்தான் எல்லாரும் அலட்சியமாக விடுகிறார்கள். இன்றைக்கு ஒன்றும் தெரியாது, வருடக்கணக்கில் உள்ளே வேலை செய்யும் என்று அர்த்தம். இந்தப் படங்களைச் சொல்லிக்கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. இரசாயனம் புழங்குகிறவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது பயிற்சி நடத்த வேண்டும். உங்களுக்குக் கடைசியாக எப்போது நடத்தினார்கள்? கையெழுத்து வாங்கிக்கொண்டு பன்னும் டீயும் கொடுத்து அனுப்பியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கையுறைக்கும் முகமூடிக்கும் காசு பிடிக்கிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. "முதல் ஜோடி இலவசம், கிழிந்தால் உன் கணக்கு." அதே 1994 சட்டத்தின்படி செய்யவேண்டிய பாதுகாப்புக்காகத் தொழிலாளியிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. கை தோல் உரிந்து என்னிடம் வெள்ளைக் களிம்பு கேட்டு வந்த ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்படியா ஐயா, ஏற்கனவே நாலு ஜோடிக்குப் புடிச்சிட்டாங்களே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளத்தில் பிடிக்கிறார்களே என்று கிழிந்த கையுறையையே இரண்டு மாதம் மாட்டியிருந்திருக்கிறார். களிம்பால் அதை எப்படிக் குணப்படுத்துவது?

இனி தாய்மார்களிடம் ஒரு விஷயம். ஆண்களும் படிக்கட்டும்.

ஒரு பெண் சில வாரங்களாகத் திங்கட்கிழமை தவறாமல் கிளினிக்குக்கு வந்தார். தலைவலி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பிரஷர் பார்த்தேன், இரத்தம் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன். எல்லாம் சரி. மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எங்கள் கிளினிக் ஆயாதான் மெதுவாகப் பேசி விஷயத்தை வாங்கினார். அவரை மட்டும் தனியாகத் தூரத்து நிரைக்கு அனுப்புவது, பின்னாலேயே வந்து நிற்பது, வாய்க்கு வந்தபடி பேசுவது, மறுத்தால் நாள் கணக்கைக் குறைப்பது. செய்தவர் அந்த வேலையை மேற்பார்க்கிறவர். வீட்டில் சொன்னால் சண்டை வரும், வெளியே சொன்னால் தன் பெயர்தான் கெடும் என்று அந்தப் பெண் என்னிடம் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு புதுப் பிரிவு இருக்கிறது, 81எச். வேலையிடத்தில் பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு நோட்டீஸ் ஒன்றை எல்லா நேரமும், கண்ணில் படும் இடத்தில், முதலாளி மாட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆபீசிலும் இருந்தது, மலாயில், பளபளப்பான தாளில். அதன் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்துதான் அந்த மேற்பார்வையாளர் தினமும் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படிக்க வேண்டிய பெண்ணோ அந்த அறைக்குள் ஒரு நாளும் போனதில்லை. போயிருந்தாலும் அந்த மேசைக்கு முன்னால் நின்று, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அதைப் படிப்பாரா?

ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுத்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் காரணம் சரியில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். விசாரிக்காமல் விட்ட முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. கையைப் பிடித்து இழுத்தால்தான் தொல்லை என்றில்லை. பேச்சு, சைகை, பார்வை, போனில் அனுப்பும் படம் எல்லாம் அதில் அடங்கும். செய்தவர் மண்டோராக இருந்தாலும், கிராணியாக இருந்தாலும், ஏன், டிரசராக இருந்தாலும் இதே சட்டம்தான். அந்தப் பெண் சங்கக் கிளை வழியாக எழுத்தில் புகார் கொடுத்தார். விசாரணை நடந்து அந்த ஆளை அங்கிருந்து மாற்றினார்கள். போதுமான தண்டனை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமைத் தலைவலி நின்றது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த நோட்டீஸ் தொங்க வேண்டிய இடம் பிரட்டுக் களம், பெண்கள் கை கழுவும் குழாயடி, பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகை. அங்கேதான் நம் பெண்கள் கொஞ்ச நேரமாவது நிற்கிறார்கள். கொட்டகையில் நிம்மதியாக நின்று படிக்கவும் முடியும், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் முடியும்.

இன்னொரு நோட்டீசைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உடம்புக்கு ஓய்வும் மருந்துதானே. தீபகற்ப மலேசியாவில் வருடத்துக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு உண்டு. அதில் ஐந்து சட்டமே குறித்தவை: தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் பிறந்தநாள். மீதி ஆறு எவை என்று புது வருடம் பிறப்பதற்கு முன்பே முதலாளி நோட்டீஸ் மாட்ட வேண்டும். ஐந்தில் தீபாவளி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த ஆறில்தான் அது வர வேண்டும். தோட்டங்களில் வழக்கமாக வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் டிசம்பரிலேயே போய்ப் பாருங்கள், தைப்பூசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அக்டோபரில் சண்டை போடுவதைவிட அது சுலபம்.

இதையெல்லாம் நான் பேசினபோது ஒரு சின்ன துரை என்னிடம் சொன்னார்: "தமிழ் படிக்கிறவங்க இப்ப தோட்டத்தில எத்தனை பேர் சார்? பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்க. பிள்ளைங்க எல்லாம் மலாய் படிக்குதுங்க." அவர் கெட்டவர் இல்லை, சொன்னதிலும் பாதி உண்மை. நம் பிள்ளைகள் பலர் டவுனுக்குப் போய்விட்டார்கள், தோட்டத்தில் ஆள் குறைந்துவிட்டது. ஆனால் அதனால் என்ன? நாலு பேர் தமிழ் படிக்கிறவர்கள் இருந்தால் அந்த நாலு பேருக்கும் ஆளுக்கு இரண்டு கண் இருக்கிறது. வங்காள மொழியிலும் நேபாள மொழியிலும் இந்தோனேசியத் தம்பிகளுக்குப் புரியும் விதத்திலும் எழுதிப் போடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். ஒரு தாளின் விலை என்ன? ஒரு டின் மருந்தின் விலை என்ன?

81எச் பிரிவு எந்த மொழியில் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் என்ற மூன்று வார்த்தையைச் சட்டத்தில் சேர்க்கும்படி சங்கம் கேட்க வேண்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. மலாய் நோட்டீசுக்குப் பக்கத்தில் தமிழில் ஒன்று ஒட்டுவதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. நாற்பது பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு சுகாதாரக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. உங்கள் பிரதிநிதி யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்குப் பிரட்டில் கேளுங்கள். அவரையே இந்த விஷயத்தைக் குழுவில் எழுப்பச் சொல்லுங்கள். பாதுகாப்பு பற்றிக் குறை சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாள் எந்த மொழியில் இருந்தாலும் தாள்தான். அதனால் மாதத்துக்கு ஒரு நாள் பிரட்டில் ஐந்து நிமிடம், ஒரு நோட்டீசை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். வேலை கெடும் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது நான் இருக்கும் தோட்டத்தில் ஆரம்பித்துவிட்டோம். முதலில் என் கிளினிக் சுவரையே பார்த்தேன். டெங்கி, காசநோய், கர்ப்பிணிகளுக்கு என்று ஏழு சுவரொட்டிகள், ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. இத்தனை வருடம் அதற்குக் கீழேதான் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது, ஒரு பெண்ணின் மகள் வந்து திருத்தி எழுதிக்கொடுத்தாள், இடைநிலைப் பள்ளி மூன்றாம் படிவம் படிக்கிறாள். மருந்து ஸ்டோர் வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் பாதுகாப்புத் தாள்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். துரை ஒரு வார்த்தை கேட்டார், "மழையில நனையாதா?" நனைந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்றார்.

உங்கள் தோட்டத்து ஆபீஸ் சுவரில் புரியாத நோட்டீஸ் இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள், அவர் ஆசிரியருக்கு அனுப்பி வைப்பார். தமிழில் எழுதி இந்தப் பக்கத்தில் போடுகிறேன். படம் எடுக்கும்போது அதற்கு முன்னால் காலண்டர் மாட்டியிருந்தால், காலண்டரையும் சேர்த்தே எடுங்கள்.